சுதையில் நின்ற யாழ்

மண்ணைப் பிசைந்து மனிதனை உருவாக்கினார் ஆண்டவர் என்று தொடக்கநூல் கூறுகிறது. அதே மண்ணைப் பிசைந்து வாத்துகளும் கோழிகளும் செய்து விளையாடியதற்காக ஒரு சிறுமி வாரத்தில் நான்கைந்து முறை தன் தந்தையின் கையால் அடிபட்டாள். தன்னுள் இருந்த கலை முழுவதையும் தந்தை அடித்தே வெளியேற்றியிருப்பார், அது சற்றே தப்பியது என்னும் பொருளில் பிற்காலத்தில் அவர் நினைவுகூர்ந்ததுண்டு.

அச்சிறுமியின் பெயர் ஆகஸ்டா. 1892-ஆம் ஆண்டு பிப்ரவரி 29-ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், கறுப்பினக் குடும்பமொன்றில், பதினான்கு பிள்ளைகளுள் ஏழாவதாகப் பிறந்தார். செங்கல் அறுக்கும் ஊர் அது, களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. தந்தை எட்வர்டு ஃபெல்ஸ் மெதடிஸ்டு சபையின் போதகர். எவ்வகை உருவத்தையும் செய்யலாகாது என்னும் விடுதலைப் பயண நூலின் கட்டளையை அவர் எழுத்துப் பிசகாமல் எடுத்துக்கொண்டார். சுருபங்களுக்கு நடுவே வளர்ந்த நமக்கு இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால் திருவுருவங்களை உடைத்தவர்களுக்கும் காத்தவர்களுக்கும் நடந்த போராட்டம் நம் திருச்சபையின் வரலாற்றிலும் உண்டு. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா பொதுச்சங்கத்துக்குப் பிறகும் அது முற்றிலும் ஓய்ந்துவிடவில்லை. அந்தப் போதகரை எளிதில் நகையாடிவிட முடியாது.

குடும்பம் 1915-இல் வெஸ்ட் பாம் பீச் என்னும் நகருக்குக் குடிபெயர்ந்தது. அங்கே மணல்தான், களிமண் இல்லை. உள்ளூர்க் குயவர் ஒருவரிடம் மண் கேட்டு வாங்கிச் செய்த உருவங்களுள் மரியன்னையின் சுருபமும் ஒன்று என்றும், அதைக் கண்டே தந்தையின் மனம் இளகியது என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். பள்ளித் தலைமையாசிரியர் அவருடைய கைத்திறனைக் கண்டு, நாளொன்றுக்கு ஒரு டாலர் கூலி கொடுத்து, மற்ற மாணவர்களுக்கு மண்ணுருவம் செய்யக் கற்றுக்கொடுக்கச் சொன்னார். 1919-இல் மாவட்டக் கண்காட்சியில் 25 டாலர் பரிசு கிடைத்தது. பதினைந்து வயதில் திருமணம், பதினாறில் தாய்மை, சில ஆண்டுகளில் கைம்மை, மறுமணம், மணமுறிவு என இதற்கிடையே அவர் பட்டவை பல. இரண்டாம் கணவரின் பெயரே அவரோடு நிலைத்தது. ஆகஸ்டா சாவேஜ் என்று கலையுலகம் அறிந்தது அவரைத்தான்.

1921-இல் நியூயார்க் நகரில் வந்திறங்கியபோது அவர் கையில் இருந்தது 4 டாலர் 60 காசு. கூப்பர் யூனியன் என்னும் கல்லூரியில் கல்விக் கட்டணம் கிடையாது. இடம் வேண்டிப் பெயர் பதிந்து காத்திருந்தோர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இருந்தும், இவருடைய வேலையைப் பார்த்து உடனே சேர்த்துக்கொண்டார்கள். நான்காண்டுப் படிப்பை மூன்றே ஆண்டுகளில் முடித்தார். ஆயினும் இடையில் ஒரு நெருக்கடி வந்தது. பிழைப்புக்காகப் பார்த்துவந்த வேலை போய்விட்டது. படிப்பு இலவசம்தான், சோறு இலவசம் அன்றே! படிப்பை விட்டுவிட வேண்டிய நிலை. அப்போது கல்லூரியின் ஆலோசனைக் குழு கூடி, அவருடைய வாழ்க்கைச் செலவுக்கும் உதவித்தொகை அளிக்க முடிவுசெய்தது. இச்செய்தியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். சாவேஜ் அம்மையாரின் வாழ்வில் திறந்த கதவுகளும் அடைபட்ட கதவுகளும் பெரும்பாலும் இத்தகைய சில்லறைச் செலவுகளின்மேல்தான் சுழன்றன. அவருடைய திறமையை ஐயுற்றவர் மிகச் சிலரே. அத்திறமை உண்ண, உறங்க, வேலைசெய்ய இடம் கொடுத்தவரும் மிகச் சிலரே.

இனி, அவர் பெயரை நாடறியச் செய்த நிகழ்ச்சி. 1923-இல் பிரான்சு நாட்டின் ஃபோந்தேன்புளோ அரண்மனையில் நடந்த கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு அமெரிக்கப் பெண்கள் நூறு பேரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பு அமெரிக்கக் கலைஞர் குழுவொன்றிடம் இருந்தது. சாவேஜும் விண்ணப்பித்தார். அவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்ததும் விண்ணப்பம் தள்ளப்பட்டது. தென்மாநிலங்களிலிருந்து வரும் வெள்ளையினப் பெண்களுக்கு இவரோடு ஒன்றாகப் பயணம் செய்வதும் தங்குவதும் சங்கடமாக இருக்குமாம். இவருக்கும் மனவருத்தம் நேருமாம். இவருடைய நன்மை கருதியே இவரைத் தள்ளியது போன்ற தோரணை அவ்விளக்கத்தில் இருந்தது. ஒதுக்குகிறவன் ஒதுக்கப்படுகிறவனுடைய மனநலத்தைப் பற்றிக் கவலைப்படுவது உலகெங்கும் உள்ள வழக்கம் போலும்.

அவர் வாய்மூடி இருக்கவில்லை. செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதினார். மற்ற அமெரிக்கக் கலைஞர்களோடு போட்டியிட வேண்டுமென்றால், அவர்களுக்குக் கிடைக்கும் வாய்ப்பு தனக்கும் கிடைக்க வேண்டாமா என்று கேட்டார். கறுப்பின மக்களின் பெருந்தலைவர்களுள் ஒருவரான டபிள்யு. இ. பி. டுபாய்ஸ் உள்ளிட்ட பலர் அவருக்காகக் குரல் கொடுத்தனர். குழு அசையவில்லை. குழுவின் உறுப்பினருள் ஒருவரான சிற்பி ஹெர்மன் மெக்நீல் மட்டும் வெட்கப்பட்டு, தன் பட்டறைக்கு வந்து கற்குமாறு அவரை அழைத்தார். ஒரு குழு செய்த தவற்றுக்குத் தனிமனிதர் ஒருவர் செலுத்திய சிறு கழுவாய் அது. சாவேஜ் அதை ஏற்றுக்கொண்டார். ஆனால் இந்தப் போராட்டத்தால் அவர் தொல்லை தருபவர் என்ற பெயரும் ஏற்பட்டது என்பர். காட்சிக்கூடங்கள் நடத்துவோர் அத்தகைய பெயரை எளிதில் மறப்பதில்லை.

1925-இல் உரோமை நகரின் கலைக்கழகத்தில் பயில இடம் கிடைத்தது. கட்டணமும் கருவிச் செலவும் தருவார்கள். கப்பல் கட்டணத்தையும் உரோமையில் தங்கும் செலவையும் அவரே தேட வேண்டும். சலவைச்சாலையில் வேலைசெய்து அவர் ஈட்டியது பெற்றோரையும் உடன்பிறந்தாரையும் காக்கவே போதவில்லை. போகவில்லை. இரண்டாண்டுகளில் இரண்டு வாய்ப்புகள் தவறின. முன்னதை நிறவெறி பறித்தது. பின்னதை வறுமை பறித்தது. முன்னதற்குப் பத்திரிகைகள் எழுதின. பின்னதற்கு எழுத ஒன்றுமில்லை. அமைதியாக நடந்துபோகும் இந்த இரண்டாம் வகை விலக்கே எண்ணிக்கையில் பெரிது என்பது என் துணிபு.

1929 அளவில் அவர் செய்த ஒரு மார்பளவுச் சிலை எல்லார் கண்ணையும் கவர்ந்தது. தலையில் தொப்பியைச் சற்றே சாய்த்து வைத்த கறுப்பினச் சிறுவன். தெருவில் வளர்ந்தவனுக்குரிய விழிப்பும், வயதுக்கு மீறிய ஒரு களைப்பும் அந்த முகத்தில் உண்டு. 'காமென்' என்று அதற்குப் பெயரிட்டார். தெருச்சிறுவன் என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல் அது. இச்சிலையே அவருக்கு ஜூலியஸ் ரோசன்வால்டு நிதியத்தின் உதவித்தொகையைப் பெற்றுத் தந்தது. வணிகர் ஒருவர் தம் செல்வத்தைக் கொண்டு நிறுவிய அந்நிதியம், தென்மாநிலங்களில் கறுப்பினக் குழந்தைகளுக்குப் பள்ளிகள் கட்டுவதில் பெயர்பெற்றது. இம்முறை உதவித்தொகைக்கு அப்பாலும் உதவி வந்தது. ஹார்லெம் மக்கள் விருந்துகள் நடத்தி நிதி திரட்டினர். கறுப்பினப் பெண்களின் சங்கங்களும், புளோரிடாவின் கறுப்பினக் கல்லூரி ஆசிரியர்களும் பணம் அனுப்பினர். ஏழைகள் சேர்த்துக் கொடுத்த காசில் அவர் பாரிசுக்குக் கப்பலேறினார்.

திரும்பி வந்தபோது அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பிடித்திருந்தது. சிலை வாங்குவோர் இல்லை. 1932-இல் ஹார்லெமில் தம் பெயரால் ஒரு கலைப்பட்டறையைத் திறந்து, வந்தவர்க்கெல்லாம் கற்பிக்கத் தொடங்கினார். உள்ளே எட்டிப் பார்த்துத் தயங்கி நின்ற பிள்ளைகளையும் அழைத்துக் கையில் களிமண்ணைக் கொடுத்தவர் அவர். பிற்காலத்தில் புகழ்பெற்ற நார்மன் லூயிஸ், குவெண்டலின் நைட், எர்னஸ்ட் கிரிச்லோ, வில்லியம் ஆர்ட்டிஸ் போன்றோர் அவரிடம் பயின்றவர்கள்.

அக்காலத்தில் கறுப்பினக் கலைஞர்களுக்கு உதவி இல்லாமல் இல்லை. ஹார்மன் அறக்கட்டளை 1926 முதல் அவர்களுக்கென்றே பரிசுகளும், பின்னர் தனிக் கண்காட்சிகளும் நடத்திவந்தது. அதனால் பலர் வெளிச்சத்துக்கு வந்தனர் என்பது உண்மை. ஆனால் 1934-இல் ரோமேர் பியர்டன் என்னும் இளம் ஓவியர் இவ்வறக்கட்டளையை வெளிப்படையாகக் கடிந்து எழுதினார். கலையின் தரத்தைப் பாராமல், கறுப்பினத்தவர் செய்தது என்பதற்காகவே தட்டிக்கொடுக்கும் உதவி, கலைஞனை வளர்ப்பதற்குப் பதிலாகக் குழந்தையாகவே வைத்திருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். இளமையின் கடுமை அதில் உண்டு. எனினும் இரக்கத்துக்கும் நீதிக்கும் இடையே உள்ள தொலைவை அவர் சரியாகவே அளந்திருந்தார் என்று எனக்குத் தோன்றுகிறது. பரிசு என்பது வேலை முடிந்தபின் வருவது. வேலை நடக்கும் நாட்களில் அடுப்பெரிய வேண்டுமே!

அந்த அடுப்பை எரியவைத்தது, எதிர்பாராத வகையில், அரசாங்கம். 1935-இல் அதிபர் ரூசுவெல்ட்டின் ஆட்சி வேலையற்றோருக்காகத் தொடங்கிய பொதுப்பணித் திட்டத்தில் கலைஞர்களும் சேர்க்கப்பட்டனர். சாலை போடுபவருக்கு வாரக்கூலி கொடுப்பது போலவே ஓவியருக்கும் சிற்பிக்கும் கொடுத்தார்கள். கலைஞருக்கும் மற்றவர்களைப் போலப் பசிக்காதா என்று அத்திட்டத்தின் தலைவர் ஹாரி ஹாப்கின்ஸ் தம்மைக் குறைகூறியவர்களுக்கு விடை சொன்னதாகச் சொல்வர். ஆயினும் கூலிப்பட்டியலில் கறுப்பினத்தவர் பெயர் தானாக ஏறிவிடவில்லை. மேற்பார்வைப் பதவிகளோ அவர்களுக்கு எட்டாதவையாக இருந்தன. எனவே ஹார்லெம் கலைஞர்கள் 1935-இல் ஒரு சங்கம் அமைத்தனர். ஓவியர் ஆரன் டக்ளஸ் முதல் தலைவர். அவரை அடுத்துச் சாவேஜ் அம்மையார் தலைவரானார்.

சங்கத்தின் பலம் விரைவிலேயே சோதிக்கப்பட்டது. 1936-இல் ஹார்லெம் மருத்துவமனையின் சுவர்களுக்குச் சித்திரம் தீட்டும் பணி சார்லஸ் ஆல்ஸ்டன் தலைமையில் கறுப்பின ஓவியர்களுக்கு அளிக்கப்பட்டது. வரைவுகளைப் பார்த்த மருத்துவமனைக் கண்காணிப்பாளர், அவற்றில் கறுப்பின மக்களின் வாழ்க்கை அளவுக்கு மீறி இருப்பதாகச் சொல்லி மறுத்தார். அக்கம்பக்கம் முழுவதும் கறுப்பின மக்கள் வாழும் பகுதி அது! சங்கத்தார் மற்றக் கலைஞர்களையும் சேர்த்துக்கொண்டு போராடினர், ஓவியங்கள் தீட்டப்பட்டன. அவற்றுள் பல பழுதுபார்க்கப்பட்டு, 2012-இல் அதே மருத்துவமனையில் திறக்கப்பட்ட ஓவிய மண்டபத்தில் வைக்கப்பட்டன.

1937-இன் இறுதியில் அரசின் உதவியோடு ஹார்லெம் மக்கள் கலை மையம் தொடங்கப்பட்டது. சாவேஜ் அதன் முதல் இயக்குநர். அதிபரின் துணைவியார் எலினோர் ரூசுவெல்ட் திறப்பு விழாவுக்கு வந்தார். ஓவியம், சிற்பம், அச்சுக்கலை, நெசவு, நிழற்படம் என எல்லாம் இலவசமாகக் கற்பிக்கப்பட்டன. பகலில் பள்ளிப் பிள்ளைகள் வந்தனர். மாலையில் வேலைமுடிந்த பெரியவர்கள் வந்தனர். கற்பித்தோர்க்கு அரசு கூலி கொடுத்தது. ஃபோந்தேன்புளோவில் இடம் மறுக்கப்பட்டவர், பதினான்கு ஆண்டுகள் கழித்து, எவர்க்கும் இடம் மறுக்காத ஒரு பள்ளியின் தலைமையில் இருந்தார்.

இங்கே ஓர் இளைஞனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஜேக்கப் லாரன்ஸ் பதின்மூன்று வயதில் ஹார்லெமுக்கு வந்தவன். தாய் வீட்டுவேலை செய்து பிள்ளைகளைக் காத்தார். மகன் அஞ்சல் ஊழியனானால் போதும் என்பது அவருடைய ஆசை. பையன் பள்ளிப் படிப்பை இடையில் நிறுத்தினான். கிடைத்த வேலைகளைச் செய்துகொண்டு, ஓய்ந்த நேரத்தில் ஓவியம் பழகினான். சாவேஜ் அம்மையார் அவனைக் கையோடு அழைத்துக்கொண்டுபோய், அரசுத் திட்டத்தில் ஓவியனாகப் பதிவுசெய்யக் கேட்டார். இருபத்தொரு வயது நிரம்பவில்லை என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். லாரன்ஸ் அதை மறந்தே போனான். அம்மையார் மறக்கவில்லை. ஓராண்டு கழித்து, வயது நிரம்பியதும், மீண்டும் அழைத்துச் சென்று பெயரைப் பதியவைத்தார். வாரத்துக்கு 23 டாலர் 86 காசு கூலி. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவன் வேறு எந்தக் கவலையும் இன்றி ஓவியம் தீட்டினான். அந்த இரண்டாம் பயணம் நிகழாதிருந்தால் தான் ஓவியனாகியிருக்க முடியாது என்று முதுமையிலும் அவர் நன்றியோடு சொல்லிவந்தார்.

1940-இல் லாரன்சுக்கும் ரோசன்வால்டு உதவித்தொகை கிடைத்தது. மாதம் 8 டாலர் வாடகைக்கு 125-ஆம் தெருவில் ஒரு மாடியறையைப் பிடித்தார். தென்மாநிலங்களின் கொடுமையிலிருந்து தப்பி வடக்கே புறப்பட்ட கறுப்பின மக்களின் பெரும்பயணத்தை 60 சிறு பலகைகளில் தீட்டினார். அறுபதையும் ஒருசேரப் பரப்பி வைத்து, ஒரு வண்ணத்தை எடுத்தால் அது வரவேண்டிய பலகைகளிலெல்லாம் தீட்டிய பிறகே அடுத்த வண்ணத்தை எடுப்பார். இவ்வாறு வேலைசெய்ய இடம் வேண்டும். சமையலறை மேசையில் இது முடியாது. அந்த எட்டு டாலர் அறை இல்லையேல் அந்த வண்ண ஒருமை இல்லை. பலகைகளுக்கு வெண்பூச்சு பூசித் தந்தவர் சாவேஜின் மாணவியான குவெண்டலின் நைட்; 1941-இல் இருவரும் மணந்துகொண்டனர். 1942-இல் ஒற்றைப்படை எண் ஓவியங்களை வாஷிங்டனின் ஃபிலிப்ஸ் கலைக்கூடமும், இரட்டைப்படை எண் ஓவியங்களை நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகமும் வாங்கின.

மாணவரின் கதை இவ்வாறு போக, ஆசிரியரின் கதை வேறு வழியில் சென்றது. 1939-இல் நியூயார்க்கில் நடக்கவிருந்த உலகக் கண்காட்சிக்கு ஒரு சிற்பம் செய்யும் வாய்ப்பு சாவேஜுக்குக் கிடைத்தது. ஜேம்ஸ் வெல்டன் ஜான்சன் 1900-இல் எழுதிய, கறுப்பின மக்களின் தேசியப்பண் எனப் போற்றப்படும் பாடலை அவர் கருவாகக் கொண்டார். பதினாறு அடி உயரமுள்ள ஒரு யாழ். அதன் நரம்புகளாக, உயரம் படிப்படியாகக் குறையும் வரிசையில், பன்னிரண்டு இளம் பாடகர்கள். அவர்களைத் தாங்கும் யாழின் தண்டு இறைவனின் கரம். முன்னே ஓர் இளைஞன் முழந்தாளிட்டு, இசைக்குறிப்பை ஏந்தியிருக்கிறான். அடிபட்டு வளர்ந்த போதகர் மகள், இறைவனின் கரத்தையே உருவமாக வடித்துவிட்டார்.

கண்காட்சிக்கு வந்தோர் அதைப் பெரிதும் விரும்பினர். அதன் சிறு உலோகப் பிரதிகளும் அஞ்சலட்டைகளும் நினைவுப்பொருட்களாக விற்றன. ஆனால் யாழ் சுதையால் ஆனது. கருங்கல் போலத் தோன்ற வண்ணம் பூசப்பட்டது. சுதைச் சுருபம் எத்தகையது என்று நம் கோவில்களில் பணியாற்றியோர்க்குத் தெரியும். மழைக்கும் ஆகாது, இடம்பெயர்க்கவும் ஆகாது. வெண்கலத்தில் வார்க்கச் சிற்பியிடம் பணமில்லை; கொடுப்பாரும் இல்லை. பாதுகாத்து வைக்கக் கிடங்குக்கு வாடகையும் இல்லை. அவருக்குத் தரப்பட்ட ஊதியம் 360 டாலர் என்பர். 1940-இல் கண்காட்சி முடிந்ததும், மற்றத் தற்காலிகக் கட்டடங்களோடு யாழும் இடிக்கப்பட்டது.

இச்சிற்பத்துக்காக அவர் கலை மையத்திலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். திரும்பியபோது இயக்குநர் பதவியில் வேறொருவர் இருந்தார். 1939 ஜூன் மாதம், கறுப்பினக் கலைஞர்களின் படைப்புகளை விற்பதற்கென்றே சொந்தமாக ஒரு காட்சிக்கூடம் திறந்தார். திறப்பு நாளில் கூட்டம் நிறைந்தது. பார்த்தவர்கள் பலர், வாங்கியவர்கள் சிலர். சில காலத்தில் கூடம் மூடப்பட்டது. போர் வந்ததும் அரசின் கலைத்திட்டமும் சுருங்கி, 1943-இல் முடிவுற்றது. ஹார்லெம் கலை மையமும் இல்லாது போயிற்று. அரசு கொடுத்த கூலி, அரசுக்கு அது தேவையில்லை என்று தோன்றியபோது நின்றது. லாரன்ஸ் அதற்குள் கரையேறியிருந்தார். இன்னும் எத்தனை பேர் நடு ஆற்றில் நின்றனரோ, அவர்களுக்கு வரலாறு எழுதப்படவில்லை.

1945 அளவில் சாவேஜ் நகரத்தை விட்டு, சாகர்ட்டீஸ் என்னும் சிற்றூருக்குப் போய்விட்டார். கோழிகளும் புறாக்களும் வளர்த்தார். பிழைப்புக்கு வேறு வேலைகளும் பார்த்தார். அவ்வூர்க் குழந்தைகளுக்கு மண்ணுருவம் செய்யக் கற்றுக்கொடுத்தார். 1962 மார்ச் மாதம், புற்றுநோயால் நியூயார்க்கில் இறந்தார். அவர் செய்தவற்றுள் பெரும்பகுதி களிமண்ணாகவும் சுதையாகவுமே நின்றுவிட்டதால் அழிந்துபோயின. தம் மாணவர்களின் வேலையே தமக்கு நினைவுச்சின்னம் என்னும் கருத்தை அவர் ஒருமுறை வெளியிட்டிருந்தார். அழகிய சொல்தான். ஆயினும் அதைப் பாராட்டும்போது எனக்கு ஒரு நெருடல். தன்னை அழித்துப் பிறரை வளர்த்தார் என்று போற்றுகிறோம். வெண்கலத்துக்குப் பணம் கிடைத்திருந்தால் அவர் இரண்டையும் செய்திருப்பார் அல்லவா?

அவர் இறந்து ஆறு ஆண்டுகள் கழித்து, 1968-இல், ஹார்லெமில் வாடகைக்கு எடுத்த ஒரு மாடியில் கறுப்பினக் கலைக்கென ஓர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. ஓவியங்களை மாட்டிவைத்தால் மட்டும் போதாது, கலைஞர்கள் வந்து வேலைசெய்யப் பட்டறைகளும் வேண்டும் என்று ஓவியர் வில்லியம் டி. வில்லியம்ஸ் யோசனை எழுதிக் கொடுத்திருந்தார். அதனால் அதற்கு ஸ்டுடியோ மியூசியம் என்று பெயர் வைத்தார்கள். தேர்ந்தெடுக்கப்படும் இளங்கலைஞர்களுக்கு அங்கே வேலைசெய்ய அறையும், செலவுக்குப் பணமும் கொடுத்துவந்தார்கள்.

'காமென்' சிறுவன் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியன் அமெரிக்கக் கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறான். தொப்பி இன்னும் சாய்ந்தபடியே இருக்கிறது. அவனும் வண்ணம் பூசிய சுதைதான்.